18 கோடி ரெக்கார்டு தாண்டிடுச்சு, இனிமே போஸ்ட்கிரெஸ் தாங்குமா?

பார்சல்பாண்டி:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு கூரியர் கம்பெனில பேக்கெண்ட் பாக்குறேன், டீம் சின்னது, டேட்டாபேஸ பாத்துக்க தனியா டிபிஏ எல்லாம் கிடையாது, டேட்டாபேஸ்ல ஏதாவது ஆச்சுன்னா எல்லாரும் என் சீட்டுக்குத்தான் வருவாங்க. எங்ககிட்ட ஸ்கேன் ஈவெண்ட்ஸ்னு ஒரு டேபிள் இருக்கு. பார்சல பிக்கப் பண்ணும்போது ஒரு ஸ்கேன், ஹப்புக்குள்ள வரும்போது ஒண்ணு, வெளிய போகும்போது ஒண்ணு, டெலிவரி பையன் எடுக்கும்போது ஒண்ணு, கஸ்டமர் கையில குடுக்கும்போது ஒண்ணு, இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரெக்கார்டு விழும். ரெண்டு வருஷத்துக்கு கொஞ்சம் கம்மியான டேட்டா, இப்போ 18 கோடி ரெக்கார்டு. டேபிள் மட்டும் 38 ஜிபி, அது மேல தேடுறத வேகமாக்க ஏழு இண்டெக்ஸ், அந்த ஏழு மட்டுமே சேத்து 44 ஜிபி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 14, க்ளவுட்ல 32 ஜிபி ரேம் மெஷின், எஸ்எஸ்டி டிஸ்க்.

பிரச்சனை என்னன்னா, எங்க கிளையண்ட்ஸ் எல்லாம் ஆன்லைன்ல பொருள் விக்கிற கடைக்காரங்க, அவங்க டாஷ்போர்ட தொறந்தா கடைசி 20 ஸ்கேன் வரணும். பெரிய கிளையண்டுக்கு டக்குனு வந்துடுது. சின்ன கிளையண்ட் சில பேருக்கு 40 செகண்ட் சுத்திட்டு டைம் அவுட் ஆகுது. நிறைய டேட்டா இருக்கவனுக்கு வேகமா வருது, கொஞ்சம் இருக்கவனுக்கு லேட்டாகுது, எனக்கு இது சுத்தமா புரியல. போன வருஷம் டேபிள் சின்னதா இருந்தப்ப இந்த கம்ப்ளெயிண்ட்டே கிடையாது.

இன்னொண்ணு, ஒரு வருஷத்துக்கு முந்தின டேட்டா எங்களுக்கு தேவையில்ல. டெலீட் பண்ணா குறையும்னு கொஞ்சம் பழைய ரெக்கார்ட தூக்கி பாத்தேன், சைஸ் ஒரு எம்பி கூட குறையல.

மேனேஜர் என்ன சொல்றார்னா "ரிலேஷனல் டேட்டாபேஸ் பெருசானா இப்படித்தான்யா, ரிலேஷனல் இல்லாத மாங்கோ டிபிக்கு போயிடலாம்". இன்னொரு சீனியர் ஷார்டிங்ங்கிறார், அதாவது டேட்டாவ பல மெஷினுக்கு பிரிச்சு வைக்கிறது. ரெண்டும் மாசக்கணக்குல வேலை, செய்யப்போறது நான் மட்டும்தான். அதனால கேக்குறேன், இத்தனை கோடிக்கு மேல போனா ரிலேஷனல் டேட்டாபேஸ் வேலைக்கு ஆகாதுன்னு ஏதாவது கணக்கு இருக்கா?

ஜேசன்ராஜா:

ப்ரோ உங்க மேனேஜர் கரெக்டா சொல்றாரு. எஸ்க்யூஎல் எல்லாம் ஸ்கேல் ஆகாது, ரெண்டு டேபிள சேக்குற ஜாயின் இருந்தாலே முடிஞ்சுது கதை. ஈவெண்ட் டேட்டாதான, மாங்கோல போட்டு ஷார்ட் பண்ணிட்டு நிம்மதியா தூங்குங்க.

பழைய டிபிஏ:

தம்பி அவசரப்பட்டு எங்கயும் போகாத. முதல்ல உன் கேள்விக்கு பதில், லிமிட் இருக்கு. போஸ்ட்கிரெஸ்ல ஒரு டேபிளுக்கு 32 டிபி, அதுவும் டீஃபால்ட் 8 கேபி பேஜ் சைஸ்ல, பேஜ்னா டேட்டாபேஸ் ஒரு தடவைல படிக்கிற துண்டு. உன்னோடது 38 ஜிபி. அந்த லிமிட் கண்ணுக்கே தெரியாத தூரத்துல இருக்கு.

இப்ப இண்டெக்ஸ் கணக்கு பாரு. போஸ்ட்கிரெஸ் சாதாரணமா போடுற இண்டெக்ஸ் பி-ட்ரீ, மேலருந்து கீழ கிளை கிளையா பிரியுற மரம் மாதிரி. ஐடி மாதிரி 8 பைட் கீ வச்சா ஒரு பேஜ்ல தோராயமா 300 என்ட்ரி நிக்கும்னு வச்சுக்கோ. ரெண்டு லெவல்ல 90 ஆயிரம், மூணு லெவல்ல 2.7 கோடி, நாலு லெவல்ல 810 கோடி. அதாவது உன் 18 கோடில ஒரு ரெக்கார்ட தேட நாலு பேஜ் படிக்கணும், டேபிள் இதுக்கு மேல 40 மடங்கு வளந்தாலும் அதே நாலு பேஜ்தான். மேல் லெவல் பேஜெல்லாம் எப்பவும் ரேம்லயே இருக்கும், டிஸ்க்குக்கு போறது ஒண்ணு ரெண்டுதான். ஒரு ரெக்கார்ட தேடி எடுக்குற வேலைக்கு டேபிள் சைஸ் பெரிய விஷயமே கிடையாது. ஒரு குவெரி எத்தனை பேஜ தொடுதுங்கிறதுதான் விஷயம். நூறு பேஜ தொட்டா ஆயிரம் கோடி ரெக்கார்டுலயும் வேகமாத்தான் வரும், பத்து லட்சம் பேஜ தொட்டா எந்த டேட்டாபேஸ்ல வச்சாலும் மெதுவாத்தான் வரும்.

ஜேசன்ராஜா தம்பிக்கு, மாங்கோல இருக்க இண்டெக்ஸும் பி-ட்ரீதான்பா. இண்டெக்ஸ் சரியில்லாம அங்க போனாலும் இதே 40 செகண்ட் வரும், கூட புது ஊர்ல வழி தெரியாத தொல்லை வேற. ஃபேஸ்புக் மைஎஸ்க்யூஎல்லதான் வளந்துச்சு. யூட்யூப் மைஎஸ்க்யூஎல்ல விடாம 2010ல அதுக்கு மேல வைடெஸ்னு ஒரு லேயர் எழுதிக்கிட்டாங்க. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பல வருஷம் விரல் விட்டு எண்ணுற அளவு எஸ்க்யூஎல் சர்வர் மெஷின்ல, ஷார்டிங்கே இல்லாம உலகம் பூரா இருக்க டெவலப்பருக்கு பக்கம் காட்டிக்கிட்டு இருந்துச்சு.

பாண்டி, அந்த ஸ்லோவா வர்ற சின்ன கிளையண்ட் ஐடிய போட்டு எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் ஓட்டு, குவெரி எந்த வழில போச்சுன்னு காட்டும், எத்தனை பேஜ தொட்டுச்சுன்னு தெரிய பஃபர்ஸ் ஆப்ஷனும் சேத்து. வந்தத இங்க எழுது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, பாத்துட்டு சொல்றேன்.

பார்சல்பாண்டி:

அண்ணா ஓட்டிட்டேன். முக்கியமானத மட்டும் எழுதுறேன்.

குவெரி: ஸ்கேன் ஈவெண்ட்ஸ்ல கிளையண்ட் ஐடி இன்னதுன்னு வேர் கண்டிஷன், க்ரியேட்டட் அட் (ரெக்கார்டு விழுந்த டைம்) டெசெண்டிங்ல ஆர்டர் பை, அதாவது புதுசு முதல்ல, லிமிட் 20.

பிளான்: க்ரியேட்டட் அட் இண்டெக்ஸ் மேல இண்டெக்ஸ் ஸ்கேன் பேக்வர்ட். ஃபில்டர்ல கிளையண்ட் ஐடி. எஸ்டிமேட் பண்ணது 4 லட்சம் ரோ. ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்டர் 6 கோடி சொச்சம். ஷேர்ட் ரீட் 16 லட்சம் பக்கத்துல. டைம் 41 செகண்ட்.

இண்டெக்ஸ் யூஸ் பண்ணுதேன்னு சந்தோஷமா இருந்தேன், அப்புறம் அந்த 6 கோடிய பாத்ததும் பயந்துட்டேன். இண்டெக்ஸ் யூஸ் பண்ணியும் ஏன் இப்படி?

பழைய டிபிஏ:

சந்தேகப்பட்டதேதான். 16 லட்சம் பேஜ், ஒவ்வொண்ணும் 8 கேபி, பெருக்கிப் பாரு, சுமார் 13 ஜிபி. 20 வரி காட்ட 13 ஜிபி படிச்சிருக்கு.

குவெரிக்கு வழி போடுற பிளானர் என்ன யோசிச்சிருக்குன்னு சொல்றேன். இந்த கிளையண்டுக்கு 4 லட்சம் ரோ இருக்குன்னு அது நினைக்குது, மொத்தம் 18 கோடி, வகுத்தா 450ல ஒண்ணு இவனோடது. அப்போ டேபிளோட புது முனையிலிருந்து பின்னாடி நடந்துக்கிட்டே வந்தா 9000 ரோ தாண்டுறதுக்குள்ள இவனோட 20 கிடைச்சிடும், சார்ட் பண்ற வேலையும் மிச்சம்னு கணக்கு போட்டுடுச்சு. கணக்கு தப்பில்ல, ஆனா இவனோட ரெக்கார்டு டேபிள் முழுக்க சமமா பரவி கிடக்குங்கிற நினைப்பு தப்பு. அந்த கிளையண்ட் அஞ்சாறு மாசமா ஒரு பார்சல் கூட அனுப்பியிருக்க மாட்டான், செக் பண்ணிப் பாரு. அவனோட கடைசி ஸ்கேன் 6 கோடி ரெக்கார்டுக்கு பின்னாடி இருக்கு, அதுவரைக்கும் மத்தவனோட ரெக்கார்ட எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து பாத்து தூக்கி போட்டுட்டு போயிருக்கு. பெரிய கிளையண்ட் தினம் ஆயிரக்கணக்குல அனுப்புறான், முதல் சில பேஜ்லயே 20 கிடைச்சிடும். அதான் அவனுக்கு டக்குனு வருது. போன வருஷம் இது நடக்கலன்னா காரணமும் இதான், அப்ப பின்னாடி நடந்து போறதுக்கே அவ்வளவு தூரம் இல்ல.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல இன்னொண்ணு தெரிஞ்சுக்கோ. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சேக்குற அனலைஸ் (எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் வேற) ஓடும்போது டீஃபால்ட்டா 30 ஆயிரம் ரோதான் சாம்பிள் எடுக்கும். டேபிள்ல பத்து லட்சம் இருந்தாலும் 30 ஆயிரம், 18 கோடி இருந்தாலும் அதே 30 ஆயிரம். வளர வளர பிளானரோட பார்வை மங்கும். முக்கியமான ஃபீல்டுக்கு மட்டும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டார்கெட்ட ஏத்தி சாம்பிள பெருசாக்கலாம், ஆனா உன் கேஸ்ல அது மருந்து இல்ல.

மருந்து ஒரே ஒரு இண்டெக்ஸ். கிளையண்ட் ஐடி முதல்ல, க்ரியேட்டட் அட் ரெண்டாவது, ரெண்டும் சேந்த ஒரே இண்டெக்ஸ். வரிசை மாத்தி போட்டுடாத, மாத்துனா இதே கதைதான். கன்கரண்ட்லி போட்டு க்ரியேட் பண்ணு, இல்லன்னா இண்டெக்ஸ் கட்டி முடிக்கிற வரைக்கும் ஸ்கேன் எதுவும் உள்ள போகாது, ஹப்புல ஆளுங்க கையில மெஷின வச்சுக்கிட்டு நிப்பாங்க. கன்கரண்ட்லி போட்டா டேபிள ரெண்டு தடவை படிக்கும், நேரம் கூட ஆகும், பரவால்ல. நடுவுல ஃபெயில் ஆனா இன்வேலிட்னு ஒரு அரைகுறை இண்டெக்ஸ் நிக்கும், எந்த குவெரிக்கும் அது உதவாது ஆனா ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் அதையும் எழுதிட்டு இருக்கும், ட்ராப் பண்ணிட்டு மறுபடி போடு.

அது வந்ததும் கிளையண்ட் ஐடி மட்டும் இருக்க பழைய இண்டெக்ஸ் வேஸ்ட், தூக்கிடு. மத்த ஆறுலயும் எது எது யூஸ் ஆகுதுன்னு பிஜி ஸ்டாட் யூசர் இண்டெக்ஸஸ்ல பாரு. ரெப்ளிகா, அதாவது படிக்க மட்டும் வச்சிருக்க காப்பி சர்வர், இருந்தா அங்கயும் தனியா பாரு, அந்த கவுண்ட் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி. ரிப்போர்ட் எல்லாம் ரெப்ளிகால ஓடுற இடத்துல மெயின் சர்வரான பிரைமரில ஜீரோன்னு பாத்துட்டு இண்டெக்ஸ ட்ராப் பண்ணிட்டு மாச கடைசில முழிச்ச ஆளுங்க உண்டு. டேபிளவிட இண்டெக்ஸ் பெருசா இருக்குன்னாலே யாரோ பிரச்சனை வந்தப்பெல்லாம் ஒண்ணு போட்டு வச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஏழு இடத்துல எழுதணும், அதெல்லாம் ரேம்லயும் இடம் பிடிக்கும்.

தரவுக்காரி:

இண்டெக்ஸ் விஷயத்த அண்ணன் சொல்லிட்டாரு, நான் டெலீட்டுக்கு வர்றேன். என் அனுபவத்துல பெரிய டேபிள்ல செலக்ட் குவெரி ஒரு பிரச்சனையே இல்லங்க, அதுக்கு இண்டெக்ஸ போட்டு சரி பண்ணிடலாம். உயிர எடுக்குறது பராமரிப்பு வேலைங்கதான். டெலீட், வேக்யூம், ஃபீல்டு டைப் மாத்துறது, பேக்கப்ப ரீஸ்டோர் பண்றது, இதெல்லாம் டேபிள் சைஸுக்கு ஏத்த மாதிரி நேரா ஏறிக்கிட்டே போகும், அங்க பி-ட்ரீ வந்து உங்கள காப்பாத்தாது.

போஸ்ட்கிரெஸ்ல டெலீட் பண்ணா ரோ அழியாது, செத்ததுன்னு ஒரு குறி மட்டும் விழும். வேக்யூம் வந்து அந்த இடத்த காலின்னு எழுதி வைக்கும், புது ரோ வந்தா அங்க உக்காரும். ரயில்ல ஆளுங்க இறங்குனா சீட்டுதான் காலியாகும், பெட்டி குறையாதுல்ல, அதே கணக்கு. அதான் உங்களுக்கு ஒரு எம்பி கூட குறையல. வேக்யூம் ஃபுல் போட்டா குறையும், ஆனா அது டேபிள புதுசா எழுதி முடிக்கிற வரைக்கும் செலக்ட் கூட ஓடாத அளவுக்கு லாக் போடும், புது காப்பிக்கு டிஸ்க்ல இடமும் வேணும். ப்ரொடக்ஷன்ல நினைச்சு கூட பாக்காதீங்க. ரொம்ப நேரம் லாக் இல்லாம வேணும்னா பிஜி ரீபேக்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு.

ஆட்டோவேக்யூம் டீஃபால்ட்ல இருக்கான்னு பாருங்க. டேபிள்ல 20 சதவீதம் செத்தாத்தான் அது எந்திரிக்கும். ஆயிரம் ரோ டேபிளுக்கு அது நியாயமான நம்பர், உங்க 18 கோடிக்கு 3.6 கோடி செத்து கிடந்தாத்தான் வரும்னா எப்படி? அந்த டேபிளுக்கு மட்டும் ஸ்கேல் ஃபேக்டர 0.01 ஆக்குங்க, 18 லட்சத்துக்கே வந்துடும், அடிக்கடி வந்து சின்ன சின்னதா சுத்தம் பண்ணிட்டு போகும். அப்படியே யாராவது கனெக்ஷன தொறந்து பிகின் போட்டு ஒரு அப்டேட்டும் பண்ணிட்டு, கமிட் பண்ணாம சாப்பிட போயிருக்காங்களான்னு பாருங்க, ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்னு காட்டும், அப்படி ஒண்ணு உக்காந்திருந்தா அதுக்கு அப்புறம் செத்தது எதையும் வேக்யூமால எடுக்க முடியாது, எத்தனை தடவை ஓடினாலும் வெறுங்கைதான்.

ஆனா உங்களுக்கு உண்மையான வழி பார்ட்டிஷன், அதாவது ஒரே டேபிள உள்ளுக்குள்ள துண்டு துண்டா பிரிச்சு வைக்கிறது. மாசத்துக்கு ஒரு பார்ட்டிஷன், ஒரு வருஷம் தாண்டினா அந்த மாசத்த டிடாச் பண்ணி ட்ராப். ஒரு கோடி ரோ டெலீட்டும் இல்ல வேக்யூமும் இல்ல, ஃபைல் அப்படியே போயிடும், டிஸ்க் இடமும் உடனே திரும்பி வரும். உங்க 14ல டிடாச் கன்கரண்ட்லி கூட இருக்கு.

ஒரு எச்சரிக்கை, பார்ட்டிஷன் பண்ணா குவெரி வேகமாயிடும்னு நிறைய பேர் நம்புறாங்க. வேர் கண்டிஷன்ல தேதி இருந்தாத்தான் வேண்டாத மாசத்த விட்டுட்டு போகும். பார்சல் நம்பர் மட்டும் வச்சு தேடுனா 12 பார்ட்டிஷன்லயும் 12 இண்டெக்ஸ்லயும் தேடும். 12ன்னா ஒண்ணும் தெரியாது, நாளுக்கு ஒரு பார்ட்டிஷன்னு ஆயிரக்கணக்குல வச்சீங்கன்னா பிளான் போடவே நேரம் எடுக்கும்.

கடைசியா ஒண்ணு கேக்கணும். உங்க ஐடி ஃபீல்டு இன்டிஜரா, இன்னும் பெரிய நம்பர் பிடிக்கிற பிக்இன்டா?

பார்சல்பாண்டி:

அக்கா இன்டிஜர்தான். ஆனா அதுக்கு 214 கோடி வரைக்கும் இருக்கே, நாங்க 18 கோடிலதான இருக்கோம்?

தரவுக்காரி:

ரெக்கார்டு கவுண்ட் வேற, ஐடிக்கு நம்பர் குடுக்குற சீக்வென்ஸ் வேற. உங்க இன்சர்ட்ல டூப்ளிகேட் வந்தா விட்டுடுங்கிற ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் இருக்கா? ஹப்புல இருக்க ஹேண்ட்ஹெல்ட் மெஷின் நெட்வொர்க் போச்சுன்னா அதே ஸ்கேன திரும்ப திரும்ப அனுப்பும்ல? டூப்ளிகேட்னு தள்ளிவிட்டாலும் அதுக்கு ஒரு நம்பர் ஏற்கனவே எடுத்தாச்சு, அது திரும்ப வராது. மேக்ஸ் ஐடி என்னன்னு பாத்துட்டு வாங்க.

பார்சல்பாண்டி:

அக்கா 97 கோடி. எனக்கு கை நடுங்குது.

தரவுக்காரி:

நடுங்க வேணாம், இப்பவே பாத்தாச்சு. ரெண்டு வருஷத்துல 97 கோடின்னா மிச்சம் 117 கோடி அதிகபட்சம் ரெண்டரை வருஷம் ஓடும், பிசினஸ் வளந்தா அதுக்கு முன்னாடியே முட்டும். முட்டுற அன்னிக்கு வார்னிங் எல்லாம் வராது, 2147483647 தாண்டினதும் இன்சர்ட் ஃபெயில், அவ்வளவுதான். பேஸ்கேம்ப்னு பெரிய ப்ராஜெக்ட் ஆப், அது 2018 நவம்பர்ல இதே நம்பர்ல இடிச்சு பல மணி நேரம் எதையும் எழுத முடியாம, படிக்க மட்டும்தான் முடியும்னு நின்னுச்சு. அவங்க என்ன சின்ன பசங்களா?

ஆல்டர் போட்டு பிக்இன்ட் ஆக்குனா டேபிள் முழுக்க திரும்ப எழுதும், அதுவரை லாக். அதனால அத தனியா செய்யாதீங்க, எப்படியும் பார்ட்டிஷனுக்கு புது டேபிள் கட்டப்போறீங்க, அதுல பிக்இன்ட் போட்டுடுங்க.

கோட்வாத்தியார்:

டாஷ்போர்டுல பேஜ் நம்பர் போட்டு 1, 2, 3ன்னு போற மாதிரி வச்சிருக்கீங்களா? அப்போ அடுத்த ஆப்பு அங்க இருக்கு. ஆஃப்செட் 5 லட்சம் லிமிட் 20ன்னா 5 லட்சத்து 20 ரோ எடுத்து 5 லட்சத்த குப்பைல போடும். அதுக்கு பதிலா கடைசியா காட்டுன ரோவோட டைமையும் ஐடியையும் கையில வச்சுக்கிட்டு இதுக்கு முந்தின 20 குடுன்னு கேளுங்க, எத்தனாவது பேஜா இருந்தாலும் ஒரே வேகம். 25 ஆயிரமாவது பேஜுக்கு நேரா தாவ முடியாது, ஆனா அங்க யாருங்க போறா?

மேல மொத்தம் இத்தனை ரெக்கார்டுன்னு ஒரு கவுண்ட் காட்டுறீங்கன்னா அதையும் எடுங்க. போஸ்ட்கிரெஸ்ல கவுண்ட் ஸ்டார் ஒவ்வொரு ரோவையும் இந்த டிரான்ஸாக்ஷனுக்கு தெரியுமா தெரியாதான்னு பாத்துத்தான் எண்ணும், எங்கயும் ரெடியா எழுதி வச்சிருக்காது. டேபிள் மொத்தத்துக்கு தோராயமா போதும்னா பிஜி கிளாஸ்ல ரெல்டப்புள்ஸ்னு இருக்கு, எடுத்து போட்டுக்கலாம். தேதில ஃபங்ஷன் போட்டு வேர் எழுதுறதும் செக் பண்ணுங்க, க்ரியேட்டட் அட்ட வெறும் தேதியா மாத்தி ஈக்வல் போட்டா அந்த ஃபீல்டுல இருக்க இண்டெக்ஸ் செத்துது, இந்த நாள் தொடக்கத்துலருந்து அடுத்த நாள் தொடக்கத்துக்கு முன்னாடி வரைக்கும்னு ரேஞ்சா எழுதணும்.

ஜேசன்ராஜா:

சரி படிக்கிறது ஓகே, ஒத்துக்குறேன். ரைட்டுக்கு, அதாவது எழுதுறதுக்கு, என்ன பண்ணுவீங்க? ஒரே ஒரு பிரைமரிதான. ரெப்ளிகா பத்து வச்சாலும் எழுதுறது ஒரு மெஷின்லதான், அது ஒரு நாள் மூச்சு முட்டும்ல.

பழைய டிபிஏ:

இது நியாயமான கேள்வி. ஆமா, சிங்கிள் பிரைமரிக்கு ரைட்ல ஒரு கூரை இருக்கு, ரெப்ளிகா அதுக்கு உதவாது. நோட்ஸ் ஆப் நோஷன், ஒரே பிரைமரில வேக்யூம் முடிக்க முடியாம திணறி, 2021ல போஸ்ட்கிரெஸ்ஸ ஷார்ட் பண்ணாங்க, 32 மெஷின், அதுக்குள்ள 480 லாஜிக்கல் ஷார்ட். கவனி, அவங்களும் போஸ்ட்கிரெஸ்ஸ விட்டுட்டு ஓடல, அதையேதான் பிரிச்சு வச்சாங்க. பிரிச்சதுக்கு அப்புறம் ஒரு ஷார்டுக்கும் இன்னொரு ஷார்டுக்கும் நடுவுல ஜாயின் கிடையாது, ஒரே டிரான்ஸாக்ஷன்ல ரெண்டுலயும் எழுதுறது கஷ்டம், மொத்த கம்பெனிக்கும் ஒரு ரிப்போர்ட் வேணும்னா எல்லா கதவையும் தட்டணும். அந்த விலைய குடுக்குற அளவுக்கு ரைட் இருந்தா குடுக்கலாம். பாண்டி, பீக்ல செகண்டுக்கு எத்தனை ஸ்கேன் வருது?

பார்சல்பாண்டி:

தீபாவளி சேல் நேரத்துல 60 இருக்கும் அண்ணா, டூப்ளிகேட்டும் சேத்தா 300.

பழைய டிபிஏ:

செகண்டுக்கு 300ஆ? இதுக்கா ஷார்டிங் பேசுறாங்க? ஒரு சுமாரான மெஷின்ல போஸ்ட்கிரெஸ் செகண்டுக்கு ஆயிரக்கணக்குல எடுக்கும், பத்து பத்தா பேட்ச் பண்ணி குடுத்தா இன்னும் எடுக்கும். அந்த சீனியர்கிட்ட இந்த நம்பர மட்டும் காட்டு, வேற எதுவும் பேச வேணாம்.

வால்பாறை:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எங்க டீம்ல மைஎஸ்க்யூஎல், பிரைமரி கீ வரிசை நம்பர் இல்ல, யூயூஐடிங்கிற நீளமான ஐடி, வெர்ஷன் 4. டேபிள் ஒரு அளவுக்கு மேல போனதும் இன்சர்ட் திடீர்னு படுத்துடுச்சு. படிப்படியா இல்ல, ஒரு வாரத்துல விழுந்துச்சு. இதுவும் இதே மாதிரியா?

பழைய டிபிஏ:

உங்களோடது வேற கேஸ். வரிசையா வர்ற நம்பர்னா புதுசு எல்லாம் இண்டெக்ஸோட கடைசி பேஜ்ல போய் விழும், அந்த ஒரு பேஜ் எப்பவும் ரேம்ல சூடா இருக்கும். வெர்ஷன் 4 முழுக்க ரேண்டம், ஒவ்வொரு இன்சர்ட்டும் எங்கயோ ஒரு பேஜ கேக்கும். இண்டெக்ஸ் ரேமுக்குள்ள அடங்குற வரைக்கும் வித்தியாசமே தெரியாது, அடங்காம போன அன்னிலருந்து ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் ஒரு டிஸ்க் ரீட். ரேம் எடுக்குறது நானோசெகண்ட் கணக்கு, எஸ்எஸ்டி மைக்ரோசெகண்ட் கணக்கு, அதான் படிப்படியா இல்லாம மலைலருந்து விழுந்த மாதிரி இருக்கு. மைஎஸ்க்யூஎல்லோட ஸ்டோரேஜ் இன்ஜின் இன்னோடிபில டேபிளே பிரைமரி கீ வரிசைலதான் அடுக்கியிருக்கும், மத்த இண்டெக்ஸ் ஒவ்வொண்ணுலயும் அந்த கீ ஒரு காப்பி வேற உக்காந்திருக்கும், அதனால அங்க அடி இன்னும் பலமா விழும். வெர்ஷன் 7க்கு மாறுங்க, முன்னாடி டைம்ஸ்டாம்ப் இருக்கும், வரிசையா வரும். 2024ல ஸ்டாண்டர்டாவும் ஆகிடுச்சு, போஸ்ட்கிரெஸ் 18ல உள்ளயே ஃபங்ஷன் இருக்கு. மைஎஸ்க்யூஎல்ல அப்ளிகேஷன் சைடுல ஜெனரேட் பண்ணி அனுப்பணும்.

பார்சல்பாண்டி:

அண்ணா, அக்கா, அப்டேட். ராத்திரி இண்டெக்ஸ் போட்டேன், ப்ராப்ளம் இல்லாம முடிஞ்சுது. அதே கிளையண்ட், அதே குவெரி, இப்போ 24 பேஜ். முதல் தடவை 11 மில்லிசெகண்ட், அடுத்து ஓட்டுனா 1க்கும் கீழ. அந்த கிளையண்ட் நீங்க சொன்ன மாதிரியே ஆறு மாசமா எதுவும் அனுப்பல, கடைய மூடிட்டு கணக்கு பாக்க மட்டும் உள்ள வந்திருக்காரு. யூஸ் ஆகாத இண்டெக்ஸ் மூணு கிடைச்சுது, ரெப்ளிகாலயும் பாத்துட்டேன், அடுத்த வாரம் எடுக்குறேன்.

இப்போ பார்ட்டிஷன். நான் நினைச்சது, புது டேபிள் கட்டி, பழைய டேபிள அப்படியே ஒரு பெரிய பார்ட்டிஷனா அட்டாச் பண்ணிடலாம், காப்பி பண்ற வேலை மிச்சம். க்ரியேட்டட் அட் வச்சு மாசம் மாசமா பிரிக்கலாம்னு. சரியா?

தரவுக்காரி:

ஐடியா நல்ல ஐடியா, ஆனா உங்க கேஸ்ல நடக்காது. பார்ட்டிஷன்ல ஃபீல்டு டைப் பேரண்ட் டேபிளோட அப்படியே ஒத்துப்போகணும், பழசு இன்டிஜர், புதுசு பிக்இன்ட், அட்டாச் ஆகாது. உங்களுக்குத்தான் ஒரு வருஷ டேட்டா போதுமே, புது டேபிள கட்டிட்டு, இப்பலருந்து வர்ற ஸ்கேன பழசு புதுசு ரெண்டுலயும் எழுதுங்க, கடைசி 12 மாசத்த மாசம் மாசமா சின்ன பேட்ச்சா காப்பி பண்ணுங்க, கவுண்ட் ஒத்துப்போனதும் பேர மாத்துங்க. பழச கொஞ்ச நாள் ஓரமா வச்சிருந்துட்டு ட்ராப் பண்ணிடலாம், 38 ஜிபியும் மொத்தமா திரும்பி வரும்.

க்ரியேட்டட் அட் வேணாம். பார்ட்டிஷன் டேபிள்ல டூப்ளிகேட்ட தடுக்குற யூனிக் வைக்கணும்னா பார்ட்டிஷன் கீயும் அதுக்குள்ள இருந்தாகணும். க்ரியேட்டட் அட் உங்க சர்வர் போடுற டைம், டூப்ளிகேட் ஸ்கேன் வரும்போது அது வேற டைமா இருக்கும், யூனிக் பிடிக்காது, ஆன் கான்ஃப்ளிக்ட் சும்மா நிக்கும், எல்லா டூப்ளிகேட்டும் உள்ள வந்துடும். மெஷின் ஸ்கேன் பண்ண டைம் ஒண்ணு அனுப்புதுல்ல, அத வச்சு பிரிங்க. எத்தனை தடவை திரும்ப அனுப்பினாலும் அது மாறாது. கிளையண்ட் ஐடி கூட சேத்து போட்ட இண்டெக்ஸையும், டாஷ்போர்டு குவெரியோட ஆர்டர் பையையும் அதுக்கு மாத்திடுங்க.

பார்சல்பாண்டி:

அக்கா அதுல ஒரு சிக்கல், சில மெஷின்ல பேட்டரி செத்து எந்திரிச்சா டைம் 1970ன்னு வருது. ஒண்ணு ரெண்டு 2099 கூட பாத்திருக்கேன். அந்த மாசத்துக்கு பார்ட்டிஷனே இருக்காதே, இன்சர்ட் ஃபெயில் ஆகுமா?

தரவுக்காரி:

ஆகும். டீஃபால்ட் பார்ட்டிஷன் ஒண்ணு வைங்க, எங்கயும் பொருந்தாதது அங்க போய் விழும், பார்சல் ஸ்கேன் தொலையாது. அது இருந்தா நான் சொன்ன டிடாச் கன்கரண்ட்லி ஓடாது, சாதாரண டிடாச்தான் போடணும். ஆனா அத குப்பைத்தொட்டியா விட்டுடாதீங்க. அடுத்த மாச பார்ட்டிஷன சேக்கும்போது அந்த மாச டேட்டா எதாவது டீஃபால்ட்ல கிடக்கான்னு அத முழுக்க ஸ்கேன் பண்ணும், லாக் போட்டுட்டு. அதுல பத்து ரோ இருந்தா ஒண்ணும் தெரியாது, ரெண்டு கோடி இருந்தா சிஸ்டம் நிக்கும். அதுல ஒரு ரோ விழுந்தாலே அலர்ட் வர்ற மாதிரி வைங்க, அடுத்த மூணு மாச பார்ட்டிஷன முன்னாடியே, குறிச்ச நேரத்துக்கு தானா ஓடுற க்ரான்ல கட்டி வைங்க, அந்த 1970 மெஷின் எந்த ஹப்புலன்னு பாத்து பேட்டரிய மாத்த சொல்லுங்க.